பம்ப் வேண்டாம், பெடலில் ஓர் ஆள் போதும்

மே மாதத்தில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் கார்கள் அடிவாரத்தில் ஓரங்கட்டி நிற்பதைச் சேலத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். சக்கரத்தின் பக்கத்தில் போனாலே கருகல் வாடை அடிக்கும். சிலர் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் இப்படித்தான் ஆகும், கியரைக் குறைத்து இறங்கியிருக்க வேண்டும் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் திரவம் கறுத்துப் போயிருந்தால், அதைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை என்ற பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன்.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டப்பா மூடியின் வழியாகவும் ரப்பர் ஹோஸ்களின் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே சேர்கிறது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கட்டளை. நூற்றில் மூன்றரை, நான்கு பங்கு ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 155. நீண்ட மலை இறக்கத்தில் கேலிப்பருக்குள் இந்தச் சூடு ஏறிவிட வாய்ப்பு உண்டு. திரவம் கொதித்தால் ஆவியாகும். ஆவி அமுங்கும். அப்போது பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய்விடும். அதனால்தான் பெரும்பாலான வாகனத் தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

நான் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் கணவர் டூரிஸ்ட் கார் ஓட்டுபவர். ஏற்காடும் கொல்லிமலையும் அவருக்கு வாராவாரம் போகும் வழிகள். எங்கள் வீட்டு வாசலில் பிரேக்குக்கு ஏர் எடுக்கும் வேலை, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை, கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. முதலில் நான் பெடலை மிதித்தேன், அவர் ஸ்பேனர் பிடித்தார். இப்போது நான் ஸ்பேனர் பிடிக்கிறேன், அவரோ என் மகளோ பெடலில் உட்காருகிறார்கள். இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம் என்பதும், அதற்கு விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை என்பதும் என் உறுதியான கருத்து. பம்ப் வாங்கும் காசை நல்ல ஆயிலுக்கும் ஒரு ஜோடி ஸ்டாண்டுக்கும் போடுங்கள். பம்ப் செய்ய வேண்டிய வேலையை வீட்டிலிருக்கும் இன்னொருவர் செய்யட்டும்.

குழாய்க்குள் புகுந்த காற்று என்ன செய்கிறது என்பதை என் மாணவிகளுக்குக் கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். பாஸ்கல் விதி தெரிந்த எவருக்கும் இது புரியும். காலால் பெடலில் 20 கிலோ விசை கொடுக்கிறோம். பெடல் ஒரு நெம்புகோல், அது விசையை நான்கு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோ. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஆக குழாய்க்குள் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ. பூஸ்டரின் உதவியை இங்கே சேர்க்கவில்லை. இந்த அழுத்தத்தில் திரவம் அமுங்காது என்றே சொல்லலாம். ஆனால் 1 கன சென்டிமீட்டர் காற்று உள்ளே இருந்தால் அது இருபத்தாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சுருங்கிய இடத்தை நிரப்ப பிஸ்டன் 3 மில்லிமீட்டர் வீணாக நகர வேண்டும். பெடலில் அது நான்கு மடங்கு, அதாவது 12 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நுனியளவு காற்று பெடலில் 12 மில்லிமீட்டரைத் தின்றுவிடுகிறது! நான்கு சக்கரங்களிலும் அப்படி ஒவ்வொரு குமிழி இருந்தால் என்ன ஆகும் என்பதை மாணவிகளே கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.

இந்தக் கணக்கைக் காட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஏர் எடுப்பது என்றால் என்னவென்று தெரியாமல்தான் பலர் கருவி வாங்கப் போகிறார்கள். பெடல் எப்படிக் கோளாறு காட்டுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால் உயர்ந்து வந்து, அப்போதும் கெட்டியாகாமல் இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. கீழே போய்த்தான் பிடிக்கிறது, ஆனால் பிடித்த இடத்தில் கல்லாக நிற்கிறது, இரண்டாவது மிதியில் மேலேயே பிடிக்கிறது என்றால் அது பெரும்பாலும் பின்சக்கர டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி கூடிப்போனதுதான். அதற்கு அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். லிட்டர் லிட்டராக ஆயிலை ஊற்றி ஏர் எடுத்தாலும் அந்தப் பெடல் மேலே வராது. மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் போய்விட்டது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும்.

இனி கருவிகள். கையால் அழுத்தி உறிஞ்சும் வேக்குவம் பம்ப் இப்போது ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது. ஒருவரே வேலையை முடிக்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. சக்கரத்துப் பிரேக்கில் காற்றை வெளியேற்றுவதற்கென இருக்கும் திருகாணியான நிப்பிளில் டியூபை மாட்டி, பம்பை அழுத்தி, நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினால் ஆயில் பம்பின் புட்டிக்கு இழுபடும். இழுபடுவது ஆயில் மட்டுமல்ல. நிப்பிளின் மரை தளர்ந்தவுடன் வெளிக்காற்றும் மரையின் சந்து வழியாக உள்ளே இழுபடுகிறது. டியூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும். அது பிரேக்குக்குள்ளிருந்து வரும் குமிழியா, மரையிலிருந்து வரும் குமிழியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மரையைச் சுற்றி கிரீஸ் தடவினால் குமிழி குறையும், முழுக்க நிற்காது. இந்த வேலையில் நமக்கு இருக்கும் ஒரே சாட்சி டியூபில் தெரியும் குமிழிதான். அந்தச் சாட்சியையே குழப்பும் கருவியை, முதல்முறை செய்பவர் கையில் கொடுக்கலாமா? டப்பாவிலிருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கவும், புதிதாக மாட்டிய காலிக் கேலிப்பரை முதல்முறை நிரப்பவும் அந்தப் பம்ப் நன்றாக உதவும். அதற்கு மேல் நான் அதை நம்ப மாட்டேன்.

மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் பிரஷர் பிளீடர் நல்ல கருவி. தினமும் பல வண்டி பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் அது இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகம் என்பதால் மரை வழியாகக் காற்று நுழையாது, குமிழி பொய் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு காரின் டப்பாவுக்கும் அதற்கேற்ற மூடி வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டால் ஆயில் பீறிட்டு என்ஜின் அறை முழுக்கத் தெறிக்கும். ஒரு பார், அதாவது 15 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. பத்துப் பதினைந்து வருடப் பழைய பிளாஸ்டிக் டப்பா அதையே தாங்குமா என்பது சந்தேகம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு காருக்குச் செய்யும் வேலைக்காக அதை வாங்கி அலமாரியில் வைப்பது வீண்.

ஒருவழி வால்வு வைத்த டியூப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் வேறு ஆளே இல்லாதவருக்கு அது பரவாயில்லை. வால்வில் தூசு ஒட்டினால் காற்று திரும்பிப் போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நிப்பிளைத் திறந்து வைத்துவிட்டு ஆயில் தானாகச் சொட்ட விடுவதும் ஒரு வழிதான். அதற்குச் செலவே இல்லை, நேரம்தான் வேண்டும். டப்பா காலியாகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி நான் வாங்கச் சொல்பவை. முதலில் புதிய ஆயில் டின். சீல் உடைக்காதது. சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் கிர்லிங் டின் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். வேறு நல்ல கம்பெனிகளும் இருக்கின்றன. எந்த டாட் என்பதை வண்டியின் டப்பா மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் அதற்குப் பக்கம், குணத்தில் டாட் 4-இன் உறவு. கடையில் யாரோ பாதி உபயோகித்து மூடி வைத்த டின்னை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். அது அலமாரியில் இருந்தபடியே ஈரத்தைக் குடித்திருக்கும். என்ஜின் ஆயிலையோ வேறு எந்த எண்ணெயையோ அவசரத்துக்குக்கூட டப்பாவில் ஊற்றக் கூடாது. ஒரு சொட்டு போனாலும் உள்ளேயிருக்கும் ரப்பர்கள் ஊதிப்போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது ரிங் ஸ்பேனர். நிப்பிள் பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மில்லிமீட்டர். வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும். நிப்பிள் உள்ளே ஓட்டையான மெல்லிய உருப்படி. துருப்பிடித்ததை வேகமாகத் திருகினால் கழுத்தில் முறியும், அதோடு கேலிப்பருக்கே ஆபத்து. முந்தைய நாள் இரவே துருநீக்கும் ஸ்பிரேயை அடித்துவைத்து, காலையில் ஸ்பேனரை மாட்டி லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருகுவது என் வழக்கம். மூடும்போதும் கை பலத்தைக் காட்டக் கூடாது. சிறிய ஸ்பேனரால் கசிவு நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

மீன் தொட்டிக் கடையில் விற்கும் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூப் ஒரு மீட்டர். நிப்பிளின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். ஒரு வெறும் தண்ணீர் பாட்டில். அதன் அடியில் இரண்டு விரல் அளவு புது ஆயிலை ஊற்றி, டியூபின் முனை அதற்குள் மூழ்கியிருக்கும்படி வைக்க வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கிப் போய், பிறகு வளைந்து பாட்டிலுக்குள் இறங்க வேண்டும். குமிழி மேலே ஏறும், திரும்பிப் போக விரும்பாது. மருந்துக் கடையில் வாங்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்று, டப்பாவிலிருக்கும் கறுப்பு ஆயிலை முதலில் எடுத்துவிட. இல்லாவிட்டால் அந்தக் கறுப்பு முழுவதையும் குழாய் வழியாகத் தள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குவளையும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், ஆனால் தண்ணீரில் கரையும். சிந்தியவுடன் தண்ணீர் ஊற்றினால் பெயின்ட் பிழைக்கும். துணியால் தேய்த்தால் பரவும்.

ஸ்டாண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கரத்தைக் கழற்ற வண்டியைத் தூக்கினால், தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல்லை அடுக்கி வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. செங்கல் எச்சரிக்கை இல்லாமல் உடையும். தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆள் பெடலை மிதிக்கும்போது வண்டி ஆடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு ஜோடி ஸ்டாண்டுக்கு ஆகும் செலவைக் குறைத்துவிட்டுப் பம்ப் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

இத்தனையும் இருந்தால் மிச்சம் ஆள்தான். இரண்டு பேர் செய்யும் முறையில் பிசகு வருவது பேச்சில்தான். ஸ்பேனர் பிடித்திருப்பவருக்குப் பெடல் தெரியாது, பெடலில் இருப்பவருக்கு டியூப் தெரியாது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல் வர வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் விதியாகவே வைத்திருக்கிறோம். "மிதி கண்ணு" என்பேன். "மிதிச்சுட்டேன்மா" என்று பதில் வந்தபின்தான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். பெடல் இறங்கும். "கீழ போயிருச்சு" என்று அவள் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அப்படியே பிடித்திருக்க வேண்டும். நான் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்பேன். "விட்டுட்டேன்மா" என்றபின் மறுபடியும் முதலிலிருந்து. நான் "விடு" சொல்வதற்கு முன்பு அவள் காலை எடுத்தால், திறந்திருக்கும் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே இழுபடும், அதுவரை செய்ததெல்லாம் வீண். கணவர் பெடலில் இருந்தால் "மிதிங்க", "விடுங்க" என்று மாறும், விதி மாறாது. அவருக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது பிடிக்கும். ஏர் எடுக்கும் நேரத்தில் மட்டும் வாசலில் ரேடியோ ஓடாது.

பெடலை வேகவேகமாக மிதிக்கக் கூடாது. வேகமாக மிதித்தால் உள்ளேயிருக்கும் ஒரு பெரிய குமிழி நுரையாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், பிறகு அது வெளியே வர நாளாகும். மெதுவாக, ஒரே சீராக. பழைய வண்டியில் இன்னொரு கவனம் வேண்டும். அன்றாட ஓட்டத்தில் பெடல் ஒருபோதும் தரைவரை போவதில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் போகாத அந்த ஆழத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அழுத்தினால் ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் போய்விட்டது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். பெடலின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் அது பாதிக்கு மேல் இறங்காது. இந்த மரத்துண்டை எந்தக் கடையிலும் கருவி என்று விற்பதில்லை, ஆனால் எங்கள் பெட்டியில் இதற்குத்தான் முதலிடம்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம், நம் ஊர்க் கார்களில் அது பின் இடது சக்கரம். ஆனால் குறுக்காகப் பிரித்த குழாய் அமைப்புள்ள கார்களில் வரிசை மாறலாம். ஒவ்வொரு சக்கரத்திலும் குமிழி நின்று, ஆயில் புது நிறத்தில் வரும்வரை செய்ய வேண்டும். டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கவே கூடாது. இறங்கினால் மேலிருந்து காற்று போய்விடும். முழுவதும் மாற்ற ஒரு காருக்கு ஒரு லிட்டர் டின் போதும். கேலிப்பரைப் புதிதாக மாற்றியபின் எத்தனை முறை எடுத்தாலும் பெடல் கெட்டியாகவில்லை என்றால் நிப்பிள் கேலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமும் வலமும் மாறி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும்.

நம் வீடுகளில் கார் இல்லாவிட்டாலும் டிஸ்க் பிரேக் வைத்த பைக் இருக்கிறது. அதற்கு இரண்டாவது ஆளும் வேண்டாம், ஒரு கை ஹேண்டில் பார் லீவரில், ஒரு கை ஸ்பேனரில். ஹேண்டில் பாரைத் திருப்பி டப்பாவைச் சமமாக நிறுத்திவிட்டு, பெயின்ட் அடித்த பெட்ரோல் டேங்கின் மேல் நனைந்த பெரிய துண்டைப் போர்த்திவிட்டுத் தொடங்குங்கள். மூடியின் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூவும் வழுக்கும் என்பதால் அளவு பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்தித் திருக வேண்டும். பைக்கில் காற்று அதிகம் தங்கும் இடம் மேலேதான், லீவர் பக்கத்தில் ஹோஸ் சேரும் போல்ட்டில். லீவரை அரை விரல்கடை அளவுக்கு மட்டும் பலமுறை மெல்ல அசைத்தால் டப்பாவில் பொடிப்பொடியாகக் குமிழி எழும்பி வருவதைப் பார்க்கலாம். கடைசியில் லீவரை இழுத்து ரப்பர் பேண்டால் கட்டி ஓர் இரவு விட்டால் மறுநாள் இன்னும் கெட்டியாக இருக்கும். கேலிப்பரைக் கழற்றி ஆயில் முழுக்க வடிந்துபோன பைக்குக்கு மட்டும், கீழே நிப்பிள் வழியாகச் சிரிஞ்சால் புது ஆயிலை மேல்நோக்கித் தள்ளும் முறை வேகமாக வேலை செய்யும். கேலிப்பரில் பழைய ஆயில் கிடக்கும் வண்டியில் அப்படிச் செய்தால் அழுக்கு மேலே ஏறும். டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் துடைக்காமல் ஓட்டாதீர்கள், பேடில் பட்டிருந்தால் பேடையே மாற்றுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாத இடமும் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் புதிய கார்களிலும், 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் வண்டியிலும் மேலே சொன்ன முறையில் ஆயிலை மாற்றலாம், டப்பா காலியாகாதவரை. ஆனால் டப்பா காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல மாடல்களில் கம்ப்யூட்டரை மாட்டி உள்ளே இருக்கும் வால்வுகளையும் மோட்டாரையும் இயக்கினால்தான் அது வெளியே வரும். அப்போது தயங்காமல் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வேலை முடிந்தபின் சோதிப்பதிலும் சலுகை கிடையாது. என்ஜினை நிறுத்தி வைத்து நாலைந்து முறை மிதித்தபின் பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தபடி அரை நிமிடம் எண்ணுங்கள், இறங்கக் கூடாது. பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்கி நிற்கும், அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். பிறகு ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். நிப்பிள்களை மறுபடி பார்த்து ரப்பர் மூடிகளைப் போட வேண்டும்.

இவ்வளவு சொல்வதற்கு, மெக்கானிக்குகள் வேண்டாம் என்று பொருளில்லை. எங்கள் ஊரில் நான் மதிக்கும் மெக்கானிக்குகள் பலர் இருக்கிறார்கள், ரிங் ஸ்பேனரைத் தட்டித் திருகுவதை அவர்களில் ஒருவரிடம்தான் கற்றேன். ஆனால் வேலை அவசரத்தில் பல இடங்களில் டப்பாவை மேலே நிரப்பிவிட்டு "பிரேக் ஆயில் பார்த்தாச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் எங்கள் காருக்குப் பிரேக் ஆயில் மாற்றியதாகப் பில் போட்டிருந்தார்கள். நான்கு நிப்பிளிலும் பழைய சேறு காய்ந்து ஒட்டியபடியே இருந்தது. நிப்பிளைத் தொடாமல் குழாயிலிருக்கும் ஆயிலை மாற்ற முடியாது. இதைக் காட்டியபின் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். சேறு காய்ந்த நிப்பிள் என்ன சொல்கிறது என்று தெரிந்த வாடிக்கையாளரை யாரும் ஏமாற்ற முடியாது. வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு அது தெரியும். வீட்டில் செய்யச் சொல்வதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம்.

லைசென்ஸ் வாங்க வருபவருக்குச் சாலைக் குறியீடுகளைக் கேட்கிறோம், எட்டுப் போடச் சொல்கிறோம். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பா எது, அதில் கீழ்க்கோடு எங்கே என்று காட்டச் சொல்லலாமே. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. டிரைவிங் ஸ்கூல்கள் ஒரு வகுப்பைப் பெடலின் மூன்று குணங்களுக்கு ஒதுக்கலாம், பஞ்சுப் பெடல், தாழ்ந்த பெடல், இறங்கும் பெடல். பாஸ்கல் விதியைப் படிக்கும் மாணவிகளுக்குப் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு சிரிஞ்சும் மீன் தொட்டி டியூபும் வைத்து, தண்ணீர் நிரப்பி ஒருமுறை, ஒரு குமிழி விட்டு ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டாவது முறை அந்தப் பக்கத்துச் சிரிஞ்ச் பின்தங்குவதை விரலிலேயே உணர்கிறார்கள். எல்லாப் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம், செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது.

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயில் ஒரு பிரச்சினைதான். சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் பழைய என்ஜின் ஆயில் டிரம்மில் கலக்கவும் கூடாது, அந்த எண்ணெயை மறுசுத்தம் செய்ய அனுப்பும்போது இது அதைக் கெடுக்கும். இறுக மூடி, பாட்டிலின் மேல் பெயரெழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறோம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீடுகளிலிருந்து வரும் அபாயக் கழிவைப் பெற 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்று கூறின. தூய்மைப் பணியாளரிடம் இந்தப் பாட்டிலைக் கொடுத்தால் அவர் அதை எங்கே கொண்டுபோவார்? எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து, அந்த மையம் எங்கே இருக்கிறது, எந்த நாளில் திறந்திருக்கும் என்று கேட்டு வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து புட்டி எல்லாவற்றையும் அதில் சேர்த்திருக்கிறோம். உங்கள் தெருவிலும் எழுதுங்கள்.